ஏழு கிணறுகளின் அட்டவணை

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மேடம், நீங்க தொலைச்ச முதல் ஃபைல் எது?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொழில்நுட்பம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் ஆய்விதழ்களைக் கணினியில் ஏற்றி, ஒரே கோப்பை மூன்று ஊர்களில் வைத்து, ஓர் எழுத்தாவது மாறியிருக்கிறதா என்று வாராவாரம் சரிபார்க்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் இப்போது பெயர்கள் இருக்கின்றன. எங்கள் நாளில் பெயர் இல்லை. வேலை மட்டும் இருந்தது, அதையும் நான் அரைகுறையாகத்தான் செய்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். எண்பதுகளில் அந்தக் கல்லூரி ஆண்டுக்கு இரண்டு முறை ஓர் ஆய்விதழ் வெளியிட்டது. பருத்தியில் விழும் பூச்சி, அய்யனார் கோவிலுக்கு மேலே மலையில் முளைக்கும் செடிகள், மில்லுக்குப் போகும் பெண்களின் உடல்நிலை என்று எல்லாமே ஊரைச் சுற்றிய விஷயங்கள். பாதிக் கட்டுரை ஆங்கிலம், பாதி தமிழ். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்து அடித்துக் கொடுத்தார்கள். பின்னட்டையில் எப்போதும் ஒரே வரி இருக்கும்: "விலை இல்லை. தேவைப்படுவோர் அஞ்சலட்டை எழுதினால் அனுப்பப்படும்."

அந்த வரியை எழுதியவர் வேதியியல் துறைத் தலைவர். இதழுக்கு ஆசிரியரும் அவர்தான். சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொன்னபோது அவர், "நமக்குச் சம்பளம் குடுத்துத்தானே அளக்கச் சொல்லியிருக்காங்க? ஊர்ல அளந்ததை ஊருக்கே விக்கவா?" என்று கேட்டார். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அஞ்சலட்டைகள் என் மேசைக்குத்தான் வரும். தென்காசியில் ஒரு பள்ளி ஆசிரியர், கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சி மாணவி, எங்கோ ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. இதழை அனுப்பியதும் அட்டையின் மூலையில் எந்த இதழ் என்று பென்சிலால் எழுதி, சுவரில் தொங்கிய கம்பியில் குத்திவிடுவேன். அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. கம்பி நிறைந்தால் நூலால் கட்டி அலமாரியின் மேல் தூக்கி வைப்பேன், அவ்வளவுதான்.

அந்த இதழ் ஒன்றில் வேதியியல் சார் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சேத்தூர்ப் பக்கம் ஓர் ஓடையின் கரையில் ஏழு தோட்டக் கிணறுகள். ஒவ்வொன்றின் தண்ணீரிலும் உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் அட்டவணை. அந்தக் கட்டுரையில் வேறு பெரிதாக எதுவும் இல்லை. வெளியானபோது அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானே முழுதாகப் படித்தேனா என்பது சந்தேகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரிக்குக் கணினி வந்தது. அதற்கு ஒரு அறை வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், தூசி இருக்கக் கூடாது. நூலகத்துக்குப் பின்னால் பழைய இதழ்கள் அடுக்கியிருந்த அறைதான் வசதி என்று முடிவாயிற்று. "பழைய இதழையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அந்த மூட்டை எதுக்கு?" என்று முதல்வர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. மதுரையில் ஒரு கடையில் தமிழ் எழுத்துரு வாங்கி வந்தார்கள். தட்டச்சு செய்ய வசதியாக, நூலகத்தில் பைண்டு செய்து வைத்திருந்த ஒரே தொகுப்பைப் பிரித்துத் தாள் தாளாகக் கொடுத்தோம். எல்லாம் அடித்து முடித்து ஃப்ளாப்பியில் ஏற்றினார்கள். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுக்கச் சொன்னேன். இரண்டு செட்டையும் துணி சுற்றி எஃகு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"எல்லாம் பத்திரமா இருக்குல்லம்மா?" என்று முதல்வர் கேட்டார்.

"இருக்கு சார்."

ஒன்றையாவது திறந்து பார்த்துவிட்டுச் சொன்னேனா? இல்லை. பழைய இதழ்களை எடைக்குப் போடலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். பிரித்த பைண்டு தாள்களும் அதே மூட்டையில் போயின. புது அறைக்கு வெள்ளையடித்த வாசனை எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தன. இதழ் நின்றுபோயிருந்தது. வேதியியல் சார் ஓய்வு பெற்று, காலமும் ஆகிவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை, வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"செருப்போட வரலாம் அண்ணாச்சி" என்றேன்.

"இருக்கட்டும்மா. இங்க கெணத்துத் தண்ணி எழுதின புஸ்தகம் இருக்காமே?"

அவர் பெயர் கருப்பையா. சேத்தூர்ப் பக்கத்து ஓடைக் கரையில் அவருக்குத் தோட்டம். ஓடைக்கு மேலே ஒரு சாயப்பட்டறை வந்து மூன்று நான்கு வருடமாகிறது. கழிவை ஓடையில் விடுகிறார்கள். கிணற்றில் நுரை வருகிறது, மாடு குடிக்க மறுக்கிறது, தென்னங்கன்றுகள் கருகுகின்றன. ஏழு தோட்டக்காரர்களும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: அந்தப் பகுதியில் தண்ணீர் எப்போதுமே அப்படித்தான், எங்களால் கெடவில்லை.

"பட்டறை வாரதுக்கு முன்ன நல்லா இருந்துச்சுன்னு நாங்க சொன்னா யாரும்மா கேக்கா? அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. உங்க காலேசு சார் ஒருத்தர் வந்து ஏழு கெணத்துலயும் தண்ணி எடுத்தாரு. எங்க கெணத்துல நாந்தான் வாளி போட்டு எறைச்சுக் குடுத்தேன். அதைப் புஸ்தகமாப் போட்டிருக்கோம்னு பொறவு ஒருக்கா சொன்னாரு. வக்கீல் அது இருந்தாப் போதும்ங்காரு. அடுத்த வாய்தாவுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு."

நீங்கள் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அந்தக் கிணறுகளில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் போய் அளக்கலாம். பட்டறை வருவதற்கு முன் எப்படி இருந்தது என்பதை இனி யாராலும் அளக்க முடியாது. அந்த ஒரு பக்கத்தைத் தவிர அதற்கு வேறு சாட்சி உலகத்தில் இல்லை. அந்தப் பக்கம் என் பீரோவில் இருந்தது.

"இருங்க, எடுத்துத் தாரேன்" என்றேன், மிகுந்த நம்பிக்கையோடு.

முதல் ஃப்ளாப்பியைப் போட்டதும் கணினி முனகியது. திரும்பத் திரும்ப முனகியது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே இருக்கும் வட்டத் தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சை. இரண்டாவது செட்டை எடுத்தேன். அதிலும் பூஞ்சை. கருப்பையா என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். "கெட்டுப்போச்சாம்மா?" என்று ஊறுகாய் ஜாடியைப் பற்றிக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

எங்கள் ஊரில் அப்போது கணினி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் கணினிப் பயிற்சி மையம் நடத்திக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று பின்னாளில் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

அவள் ஃப்ளாப்பியின் உறையைக் கத்தியால் கீறித் திறந்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வட்டத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். ஒரு நாள் முழுக்கப் போராடியதில் நமக்கு வேண்டிய இதழ் இருந்த ஒரு ஃப்ளாப்பி திறந்துகொண்டது. நான் கைதட்டிவிட்டேன். திரையில் வந்ததைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது. தமிழ் இல்லை. புள்ளியும் கோடும் கேள்விக்குறியும் வெளிநாட்டு எழுத்துமாக என்னவோ ஓடியது.

"எந்த ஃபாண்டுல அடிச்சீங்க?" என்றாள்.

மதுரைக் கடையின் பெயரைச் சொன்னேன். அங்கே ஆள் அனுப்பிக் கேட்டோம். கடை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருவை எப்போதோ யாரோ அழித்துவிட்டிருந்தார்கள்.

அவள் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "இங்க பாருங்கக்கா. எண்ணெல்லாம் சரியா இருக்கு. எழுத்துதான் போச்சு." உண்மைதான். ஏழு வரிகள். ஒவ்வொரு வரியிலும் உப்பின் அளவு துல்லியமாக நின்றது. அது யாருடைய கிணறு என்பது மட்டும் புரியாத கிறுக்கலாக இருந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு கருப்பையாவின் வக்கீலிடம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். நல்ல மனிதர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இதை நான் கோர்ட்ல நீட்டினா, எதிர்த்தரப்பு வக்கீல் சிரிச்சு முடிக்கவே ஒரு வாய்தா ஆகும்" என்றார்.

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் புலம்பினேன். "ரெண்டு காப்பி எடுத்து வச்சேனேம்மா. இதுக்கு மேல என்ன செய்ய?"

அவள் என்னைத் தேற்றவில்லை. "ரெண்டும் எங்க இருந்துச்சு?"

"பீரோவுல."

"ஒரே பீரோவுல இருந்தா அது ரெண்டு இல்லக்கா, ஒண்ணுதான்."

சுருக்கென்றது. பிறகு அவளே கேட்டாள். "உங்ககிட்ட இல்ல. சரி. வேற யாருகிட்ட இருக்கும்?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என் பொருள் தொலைந்தது, என் குற்றம், என் அவமானம் என்று அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். இதழ் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போனது என்பதே மறந்துவிட்டது. கல்லூரிக்கு ஓடிப்போய் அலமாரியின் மேலிருந்த அஞ்சலட்டைக் கட்டுகளை இறக்கினேன். மூலையில் பென்சில் குறி இருந்ததால், கிணற்றுக் கட்டுரை வந்த இதழை யார் யாருக்கு அனுப்பினோம் என்பது அரை நாளில் தெரிந்துவிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட விலாசங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அஞ்சலட்டை என் கையால் எழுதினேன்: நாங்கள் உங்களுக்கு அனுப்பிய இதழ் எங்களிடமே இல்லை, உங்களிடம் இருந்தால் தயவுசெய்து கொஞ்ச நாள் கடன் தாருங்கள்.

நூலகர் ஒருவர் வாசகரிடம் புத்தகம் கடன் கேட்ட கதை இது. எழுதும்போது வெட்கமாக இருந்தது. பதில்கள் வரத் தொடங்கியதும் வெட்கம் போய்விட்டது. பாதி அட்டைகள் விலாசதாரர் இல்லை என்று திரும்பின. ஒரு அம்மாள், தன் கணவர் இறந்துவிட்டதாகவும் அவருடைய தாள்களைப் பிரித்துப் பார்க்க இன்னும் மனம் வரவில்லை என்றும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஒருவர், உங்கள் இதழ் நல்ல கனமான தாள், மாவுச் சட்டியை மூட உதவியது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

மூன்று பிரதிகள் வந்து சேர்ந்தன.

முதலாவது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவருடையது. பால்கோவா அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, நேரில் கொண்டுவந்து கொடுத்தார். நெய் வாசனை அடித்தது, ஆனால் பக்கங்கள் அப்படியே இருந்தன. அட்டவணையும் இருந்தது. ஏழு கிணறுகள், ஏழு பெயர்கள், ஏழு எண்கள். ஏழுமே நல்ல தண்ணீர். கருப்பையா அந்த இதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வக்கீல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான்கு நாளில் தென்காசி ஆசிரியரின் பிரதியும் வந்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தாலும் அட்டவணை முழுசு. முதல் பிரதியும் இதுவும் ஒன்றுபோலவே இருந்தன.

மூன்றாவது, கோயம்புத்தூர் மாணவி அனுப்பியது. அவர் இப்போது பேராசிரியை. அதைப் பிரித்து அட்டவணைப் பக்கத்துக்கு வந்தபோது, ஒரு வரியின் மேல் விரல் அகலத்தில் ஒரு அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. திருத்தச் சீட்டு. அச்சுக் கோத்தவர் மேல் வரியில் இருந்த எண்ணையே தவறுதலாக அடுத்த வரியிலும் வைத்திருக்கிறார். இதழ் அடித்து முடித்த பிறகு வேதியியல் சார் கவனித்து, சரியான எண்ணைச் சிறு சீட்டாக அச்சிட்டு எல்லாப் பிரதியிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணின்படி, பட்டறை வருவதற்கு முன்பே ஒரு கிணறு நன்றாக உப்புக் கரித்திருக்கிறது.

அது கருப்பையாவின் கிணறு.

முதல் இரண்டு பிரதிகளையும் எடுத்து அதே வரியை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். மருத்துவரின் பிரதியில் அந்த இடத்தில் மங்கலாக, பழுப்பு நிறத்தில், நீளவாக்கில் ஒரு தடம். பசைக்கறை. தென்காசிப் பிரதியில் மேல்தாள் நூலளவு உரிந்திருந்தது. சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. காய்ந்து விழுந்துவிட்டன. கணினி மையத்துப் பெண் அப்போதுதான் முதன்முறையாக ஃப்ளாப்பியிலிருந்து எடுத்த எண்களை வைத்து ஒப்பிட்டாள். பெயர் தெரியாத அந்த ஏழு வரிகளில், அதே இடத்தில், சீட்டில் இருந்த எண்தான் இருந்தது. எங்கள் தட்டச்சர் திருத்திய தாளைப் பார்த்து அடித்திருக்கிறார். ஆக, சந்தேகமே இல்லை.

மூன்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மேடம், முதல் ரெண்டு பிரதி போதும். மூணாவது ஒண்ணு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல."

"கறை தெரியுதுங்களே."

"உங்க கண்ணுக்குத் தெரியுது. நெய் பட்டதுன்னு நெனச்சுக்குவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பட்டறை கழிவ விடுறது பொய்யா? ஏழு குடும்பம் கஷ்டப்படுறது பொய்யா? ஒரு கெணத்தோட பழைய கணக்க நீங்க எடுத்துக் குடுத்தா, அவங்க அதைப் பிடிச்சுக்கிட்டு ஏழும் உப்புன்னு கட்டிருவாங்க. யோசிங்க."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கெட்ட மனிதர் யாராவது அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது.

வெளியே கருப்பையா காத்திருந்தார். இருவரும் ஒரே பேருந்தில் ஏறினோம். நான் ராஜபாளையத்தில் இறங்க வேண்டும், அவர் அதற்கும் மேலே போக வேண்டும். எதிர்த்தரப்பு கோர்ட்டில் சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நானே சொல்வது முறை என்று பட்டது. பேருந்து கிளம்பியதும் சொன்னேன். பக்கத்தைத் திறந்து சீட்டையும் காட்டினேன்.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். எண் படிக்கத் தெரியும் அவருக்கு.

"எங்க கெணறு நல்ல தண்ணின்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

"சார் அளந்து எழுதியிருக்காரு அண்ணாச்சி."

"நான் உங்ககிட்ட ஒதவி கேட்டு வந்தேன்."

"ஆமா."

"நீங்க அந்தச் சீட்டக் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்க."

"மறைச்சா, மத்த ஆறு எண்ணையும் யாரும் நம்ப மாட்டாங்க. என்னைக்காவது நாலாவது பிரதி எங்கேயிருந்தாவது வரும். அது யார் கையில இருக்குன்னு நமக்குத் தெரியாது."

அவர் இதழை மூடி என் மடியில் வைத்தார். பாதி வழியில் ஏதோ ஒரு நிறுத்தத்தில் எழுந்து இறங்கினார். அவர் போக வேண்டிய ஊருக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த பேருந்துக்காக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த ஒன்றரை மாதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த முதுகுதான். நீங்கள் யாராவது இந்த வேலையில் இருந்துகொண்டு, உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்று நினைத்தால், அப்படி ஆகாது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

கோர்ட்டில் என்னைச் சாட்சிக்கு ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகமாக ஆரம்பித்தார். "நீங்கதானே அந்த நூலகத்துக்குப் பொறுப்பு? இதழோட மூலப்பிரதி எங்க?"

"எடைக்குப் போட்டுட்டோம்."

"யாரு கையெழுத்துல?"

"என் கையெழுத்துல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "உங்ககிட்ட இல்லாததை, யார் யாரோ அனுப்பினதை வாங்கிக் கொண்டுவந்து உண்மைன்னு சொல்றீங்க. இதை எப்படி நம்புறது?"

மூன்று பிரதிகளையும் மேசையில் வரிசையாக விரித்து வைக்க அனுமதி கேட்டேன். இவை மூன்று ஊர்களிலிருந்து வந்தவை, இவற்றை வைத்திருந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது, யாரும் யாரையும் பார்த்துப் பேசித் திருத்தியிருக்க முடியாது என்று சொன்னேன். ஆறு வரிகள் மூன்றிலும் ஒன்றே. ஒரு வரி மட்டும் வேறு. அது ஏன் வேறு என்று சீட்டையும் கறையையும் உரிந்த தாளையும் காட்டினேன். ஃப்ளாப்பியில் கிடைத்த எண்களையும், அதில் பெயர்கள் படிக்க முடியாமல் போனதையும், அது யார் தவறு என்பதையும் சொன்னேன்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்ப கருப்பையா கெணறு முதல்லயே உப்பு!" என்றார்.

"ஆமாங்க. மத்த ஆறும் நல்ல தண்ணி. ரெண்டையும் எழுதினது ஒரே கைதான்."

நீதிபதி முன்னால் சாய்ந்தார். தாளைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கறையைப் பார்த்தார். "இந்தச் சீட்டு உங்களைக் கூப்பிட்ட தரப்புக்குப் பாதகம்னு தெரியும்ல?"

"தெரியுங்கய்யா."

"தெரிஞ்சுதான் கொண்டு வந்தீங்களா?"

"ஆமாங்கய்யா."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நான் கீழே இறங்கினேன். கருப்பையா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு வர மேலும் சில வாய்தாக்கள் ஆயின. அந்த அட்டவணையை நம்பத்தக்க ஆவணம் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஆறு கிணறுகள் பட்டறையால் கெட்டன, கழிவை ஓடையில் விடக் கூடாது என்று உத்தரவு. ஏழாவது கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டார்கள். வக்கீல் ஆள் அனுப்பி எனக்குச் செய்தி சொன்னார். கூடவே பால்கோவாவும் அனுப்பினார். எனக்கு அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை. கணினி மையத்துப் பெண் இரண்டு நாளில் தின்று தீர்த்தாள்.

இதற்குள் நாங்கள் கொஞ்சம் திருந்தியிருந்தோம். கடன் வாங்கிய பிரதிகளை நகல் எடுத்து, ஒன்றை மதுரையில் ஒரு நூலகத்துக்கும் ஒன்றை கோயம்புத்தூருக்கும் அனுப்பினோம். அந்தச் சீட்டை ஒட்டியபடி ஒரு நகல், தூக்கிவிட்டு அடியில் இருந்த பிழையோடு ஒரு நகல் என்று இரண்டும் எடுக்கச் சொன்னது அவள்தான். "சரியானது மட்டும் போதாதாம்மா?" என்றேன். "தப்பு எதுன்னு தெரியலன்னா சரி எதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்றாள். கணினியில் புதிதாக அடித்தபோது எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று ஒரு தாளில் எழுதி, அந்த எழுத்துருவின் நகலையும் கூடவே வைத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து ஒரு பக்கமாவது படித்துப் பார்ப்பது என்று வழக்கமாக்கினோம். நின்றுபோன இதழை மறுபடி தொடங்க முதல்வர் சம்மதித்தார். பின்னட்டை வரியை மாற்றவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை, நூலக வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. கருப்பையா. கையில் ஒரு வயர் கூடை. அதில் ஏழு பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலால் ஒரு துண்டுச்சீட்டு கட்டி, பெயர் எழுதியிருந்தது.

 "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்து, கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டார். "அன்னைக்குப் பாதியில எறங்கிட்டேன்."

"பரவாயில்ல."

"எங்க கெணறு அப்பவே உப்புதாம்மா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கய்யா வெட்டினது. அம்புட்டுக் கஷ்டப்பட்டு வெட்டி உப்பு வந்துருச்சுன்னு வெளிய சொல்ல அவருக்கு மனசு வரல. நல்ல தண்ணின்னே சொல்லிட்டாரு. நாங்களும் அப்படியே சொல்லிட்டோம். சோறாக்க எங்கம்மா பக்கத்துத் தோட்டத்துலதான் தண்ணி எடுப்பா. இன்னைக்கும் எங்க வீட்டுக்குக் குடிக்க அங்கேருந்துதான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்தத் தோட்டத்துக் கெணறு இப்ப தெளிஞ்சு வருது. நுரை இல்ல. நீங்க சீட்ட மறைச்சு, அது பொறவு வெளிய வந்து, எங்க கெணறு ஒண்ணுக்காக அம்புட்டையும் பொய்யின்னு கோர்ட்டுல தூக்கிப் போட்டிருந்தாங்கன்னா, நான் எதைக் குடிப்பேன்?"

 அவர் கூடையை மேசைமேல் வைத்தார்.

"ஏழு கெணத்துலயும் இன்னைக்கு வெடியமுன்ன எடுத்தேன். இன்னைக்குத் தேதிக்கு எப்படி இருக்குன்னு அளந்து உங்க புஸ்தகத்துல போடுங்க. எங்க கெணத்தையும் சேத்துத்தான். உப்புன்னே போடுங்க."

இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு வேதியியல் ஆய்வகத்துக்கு நடந்தோம். மைதானத்தைத் தாண்டும்போது அவர் கேட்டார்.

"இதை யாரும்மா படிப்பாங்க?"

"தெரியாது அண்ணாச்சி."

"எப்பப் படிப்பாங்க?"

"அதுவும் தெரியாது."

"யாருன்னும் தெரியாம, எப்பன்னும் தெரியாமயா இம்புட்டும் வைக்கிறீங்க?"

"ஆமா."

அவர் நடையை நிறுத்தினார். கூடையைக் கீழே வைத்து, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, மூடியை இன்னொரு தடவை இறுக்கித் திருகினார். ஏழையும் திருகி முடித்த பிறகுதான் நடந்தார்.